மூடிக்கிடந்தாள்

அந்த ஜன்னலப் பிடிச்சு இழுக்காதிய சார், அது வராது. போன ஆடியில இருந்தே அப்படித்தான் கிடக்கு. இந்தப் பக்கமாத் தள்ளி உக்காருங்க, காத்து வரும். வெயிலும் சேந்து வரும், அது நம்ம கையில இல்ல. கரும்பாறைப்பட்டிக்குத்தான போறிய? நான் கேக்கவே வேண்டாம், மடியில வச்சிருக்க பைல்ல 'ஆழ்பாறைத் திட்டம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. முன்னால ரெண்டு சீட்டு காலியாக் கிடந்தும் அதப் பாத்துட்டுத்தான் இங்கன வந்து உக்காந்தேன். மறைக்கதுக்கு என்ன இருக்கு. உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும். எம்மக விசயம். ஊரு வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, மெள்ளச் சொல்லுதேன்.

என் பேரு பலவேசம். உங்க பைல்ல கடைசித் தாள்ல 'காவலர், தற்காலிகம்'னு இருக்கும் பாருங்க, அது நான்தான். பாறையில போட்ட ஒரு ஓட்டைய ஒரு லட்சம் வருசத்துக்கு எப்படிப் பத்திரமா வைக்கதுன்னு பாக்கதுக்குத் திட்டம். அதுக்குக் காவலுக்குப் போட்டது பதினோரு மாச ஒப்பந்தம். சிரிங்க சார், பரவாயில்ல, நானும் சிரிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பதினோரு மாசம் முடிஞ்சதும் ஒரு மாசம் வேலை கிடையாது, பெறகு திரும்ப எடுப்பாவ. அந்த ஒரு மாசம் யாரு காவலுன்னு கேட்டேன். உங்க ஆபீசர் மோட்டுவளையப் பாத்துட்டு, நீரே சும்மா பாத்துக்கிடுமேன்னாரு. பாத்துக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் நாலு மாசம் சும்மா பாத்திருக்கேன், அதையும் எழுதிக்கிடுங்க.

டாக்டரம்மாவத் தெரியுமா உங்களுக்கு? மங்கையர்க்கரசி. அவிய ஊசி போடுத டாக்டர் இல்ல, பாறைக்குப் படிச்ச டாக்டர். எங்க ஊருக்கு அது புரியல. வந்த மறுவாரமே இருமலு, மூட்டுவலி, வயித்துப்போக்குன்னு பத்துப் பேரு வரிசையில நின்னுட்டாவ. அவியளும் எத்தனை தடவைதான் சொல்லுவாவ, கடைசியில எல்லாரையும் வெந்நி குடிக்கச் சொல்லி அனுப்பிட்டாவ. ரெண்டு பேருக்கு அதுலயே குணமாயிட்டு.

அவியதான் எனக்கு எல்லாம் விளக்கிச் சொன்னது. அணு உலையில எரிச்சு முடிச்ச பெறகு மிச்சம் ஒண்ணு கிடக்குல்லா, அது லேசுல சாகாது. அதக் கண்ணாடியோட சேத்து உருக்கி, இரும்பு உருளையில அடைச்சு, உருளையச் சுத்தி, தண்ணி பட்டா உப்புற களிமண்ணத் திணிச்சு, அரைக் கிலோமீட்டர் ஆழத்துல கரும்பாறைக்குள்ள வச்சுட்டா, எமன் வந்தாலும் தொட முடியாது. ஆனா எங்க ஊருல வச்சது அது இல்ல. வெறும் ஹீட்டர். குளிக்க வெந்நி போடுவியள்லா, அதுக்குப் பெரியண்ணன்னு வைங்க. அந்தச் சூட்டுக்குப் பாறை என்ன செய்யுது, களிமண்ணு என்ன செய்யுதுன்னு பத்து வருசம் பாத்துட்டுத்தான் நெசக் கழிவை எங்க வைக்கதுன்னே யோசிப்பாவளாம். ஊருல பாதிப் பேரு இத இன்னும் நம்பல. நான் நம்புதேன். உருளைய எறக்கும்போது பக்கத்துல நின்னவன் நான்.

டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். "பாறை நிக்கும் பலவேசம், களிமண்ணும் நிக்கும். பத்தாயிரம் வருசம் கழிச்சு வர்ற மனுசனைத் தோண்டாம இருக்க வைக்கணுமே, அதுக்குத்தான் வழி தெரியல. அன்னைக்கு நம்ம எழுத்து இருக்குமோ, நம்ம பேச்சு இருக்குமோ"ன்னு ஓட்டை வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டுச் சொல்லுவாவ. அதுக்கென்னம்மா, நான் இருக்கம்லான்னேன். அவிய சிரிக்கல. கண்ணாடி, இரும்பு, களிமண்ணு, பாறைன்னு நாலு காவலு இருக்கு, அஞ்சாவது நான்னு அன்னைக்கு மனசுல எழுதிக்கிட்டேன். அந்த நாலும் இதுவரைக்கும் என்ன வேலை பாத்திருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் பாத்த வேலையக் கேளுங்க.

மொதல்ல போர்டு வச்சாவ. மஞ்சத் தகரம், 'அபாயம், தோண்டாதீர்கள்'னு கறுப்பு எழுத்து, மேல மண்டை ஓடு, குறுக்க ரெண்டு எலும்பு. ஏழாம் நாள் போர்டக் காணும். தேடிப் போனா மேலத்தெருவுல ஒரு ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவா நிக்கி. அளவு அப்படியே எடுத்து அடிச்ச மாதிரி பொருந்தியிருக்கு சார். சரி, தகரம் போனாப் போகுதுன்னு பாத்தா, அதப் படிச்சவன் சும்மா இருப்பானா? தோண்டாதன்னு எழுதிப் போட்டா எங்க ஊருல என்ன அர்த்தம்? உள்ள என்னமோ இருக்குன்னு அர்த்தம். அதுவும் கவருமெண்டே எழுதிப் போட்டிருக்குன்னா பெரிசா இருக்குன்னு அர்த்தம்.

ஒரு ஐப்பசி மாசம், பட்டப்பகல்ல, கடப்பாரையத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தன் வாரான். யாருன்னு பாத்தா கொம்பையா. என் வீட்டுக்காரிக்குக் கூடப்பொறந்தவன். அதோட போச்சா, எம்மக ஆவுடைச்செல்விய அவன் மகனுக்குத்தான் குடுத்திருக்கேன். மச்சானுக்கு மச்சான், சம்பந்திக்குச் சம்பந்தி. போலீஸ்ல சொல்லணும்னு உங்க சட்டத்துல இருக்கு. சம்பந்தகாரன் மேல கேசு குடுத்துட்டு மகள அந்த வீட்டுல வாழ வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அவன் நேரா மூடிகிட்ட போயிட்டான். நீங்க பாத்ததில்லேல்ல, இன்னைக்குப் பாப்பிய. ஓட்டை வாயில வட்டமா ஒரு இரும்பு மூடி, சுத்தி வெள்ளைச் சிமெண்டு, நடுவுல கறுப்பா ஒரு திருகு. கொம்பையா கடப்பாரைய ஓங்கிட்டான். எனக்கு வாயில என்ன வந்துதோ அதச் சொன்னேன். மச்சான், தொடாத, அடியில ஒருத்தி கிடக்கா, கண் தொறந்தாள்னா ஊரு தாங்காதுன்னேன். அவன் அப்படியே நின்னுட்டான். யாரு, பேரு என்னங்கான். எனக்கு என்ன பேரு தெரியும்? மூடியப் பாத்துக்கிட்டே நின்னேனா, மூடிக்கிடந்தாள்னு வந்துட்டு.

நேரம் பாருங்க, உங்க மிசினு ஒண்ணு உள்ள இருக்குல்லா, மணிக்கு ஒருக்க 'கிய்ங்'னு ஒரு சத்தம் போடும், சரியா அந்த நேரத்துல போட்டுது. கொம்பையா கடப்பாரையப் போட்ட இடம் தெரியாம ஓடினான். அந்தக் கடப்பாரை இன்னும் நம்ம காவல் குடிசையிலதான் கிடக்கு. நல்ல கடப்பாரை.

அதுக்குப் பெறகு ஒரு மனுசன் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. ஆடு மேய்க்கவன்கூட சுத்திக்கிட்டுப் போனான். டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அவியளுக்குக் கண்ணு விரிஞ்சிட்டு. வெளிநாட்டுல எல்லாம் பெரிய பெரிய ஆளுக இதத்தான் பேசுதாவளாம், எழுதி வைக்கத விட ஒரு கதையக் கட்டிப் பரப்பி விட்டா அது நிக்குமோன்னு. என் வார்த்தைய அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டாவ. 'கண் தொறந்தா ஊரு தாங்காது.' இத விடச் சுருக்கமா எழுத முடியாதுன்னாவ. எனக்கு ஒரு வாரம் கால் தரையில படல.

ஆறு மாசம் கழிச்சு மூடி மேல ஒரு எலுமிச்சம்பழம் இருந்துது. யாரோ பயந்தவுக வச்சிட்டுப் போயிருக்காவன்னு எடுத்து ஊறுகாய்க்குக் குடுத்துட்டேன். மறுவாரம் மஞ்சள், குங்குமம். அதுக்கடுத்த வாரம் ஒரு பொம்பளை பொங்கல் விடுதா. ஏட்டி, அது பொல்லாத சாமி, கிட்ட வரப்பிடாதுன்னேன். பொல்லாத சாமிக்குத்தானே அண்ணாச்சி பொங்கலிடணும், நல்ல சாமி தானாப் பாத்துக்கிடுமேன்னா. எங்க பக்கத்துல ஒரு சாமி பயமுறுத்துச்சுன்னா விலகிப் போறது ஆறு மாசந்தான். அதுக்குள்ள அதோட சொந்தம் கொண்டாட ஆரம்பிச்சிருவோம். இத நான் டாக்டரம்மாவுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னா பூசைக்கு வாரவுக மொத விபூதிய எனக்குக் குடுத்தாவ சார். தற்காலிகக் காவலனுக்கு வேற எவன் மொத மரியாதை குடுப்பான்.

மறு சித்திரையில சாமிக்குக் கொடைத் திருவிழா வைக்கணும்னு பேசிட்டாவ. தர்மகர்த்தா ஆண்டபெருமாள். வில்லுப்பாட்டுக்குத் தங்கக்கண் புலவரு. சாமி கதைய யாருகிட்டக் கேக்கணும்? என்கிட்டதான் கேக்கணும், வேற யாருக்குத் தெரியும்? புலவரு குடிசைக்கு வந்து உக்காந்தாரு. அவருகிட்ட எல்லாஞ் சொன்னேன், மூடிக்கிடக்கா, கண் தொறந்தா ஊரு தாங்காதுன்னு அழுத்திச் சொன்னேன். ஆகா, இது போதும்னுட்டுப் போனாரு.

கொடைக்கு எட்டு நாளைக்கு முன்ன பந்தலுக்குக் கால்நாட்டு. அன்னைக்குப் புலவரு ஒரு மாதிரி பாடிக் காட்டுதாரு, நான் மொத வரிசையில உக்காந்து கேக்கேன். என்ன பாடுதாரு தெரியுமா? தாயி கண்ண மூடிக்கிடக்கா. ஊரு வறண்டு கிடக்கு. ஒரு நாள் அவ கண் தொறந்து பாப்பா, பாத்தாள்னா நெல்லு களஞ்சியம் தாங்காது, பாலு குடம் தாங்காது, பிள்ளை தொட்டில் தாங்காது, ஊரே தாங்காதுங்காரு. நான் சொன்ன வார்த்தைதான் சார், ஒரு எழுத்து மாத்தல. யோசிச்சுப் பாருங்க, தப்பு அவரு மேல இல்ல. நம்ம சனம் எந்தச் சாமிகிட்டயாவது கண்ண மூடிக்கிட்டு இருன்னு கேட்டிருக்கா? தாயே கண் தொறந்து பாக்க மாட்டியான்னுதான கேப்போம். ஆக, கொடை அன்னைக்கு உச்சிப் பூசையில கண் தொறப்பு வைக்கதுன்னு முடிவாயிட்டு. அந்த மூடிதான் அவ கண்ணாம், அத எடுக்கணும், உள்ள பாலு ஊத்தணும். உள்ள பாலு போனா களிமண்ணு உப்பி, சூடு அளக்குத கம்பி எல்லாம் அத்து, அத்தனை வருசச் சோதனையும் மண்ணு.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா வெளிநாட்டுல இருக்காவ. எதுக்குன்னு கேளுங்க. வருங்காலத்து மனுசன எப்படி எச்சரிக்கதுன்னு மாநாடு. மூணாம் நாள் லைன் கெடைச்சுது. கேட்டுட்டு மொதல்ல சிரிச்சாவ. "பத்தாயிரம் வருசத்துக்கு ஒரு வாக்கியம் தேடிட்டிருக்கோம். உங்க வாக்கியம் பதினெட்டு மாசத்துல தலைகீழா நின்னிருச்சு பலவேசம்"னாவ. திட்டுதாவளா பாராட்டுதாவளான்னு எனக்கு வெளங்கல. ஆளு அனுப்புதேன்னாவ. அந்த ஆளு கொடை முடிஞ்சு நாலாம் நாள் வந்தாரு.

பாலு ஊத்தப் போறது யாருங்கிய? அங்கதான் என் கழுத்துல கயிறு. பிள்ளை இல்லாத பொம்பளைதான் மொதக் குடம் ஊத்தணும்னு ஆண்டபெருமாள் சொல்லிட்டாரு. யாருன்னு தேடவே வேண்டாம், எம்மக ஆவுடை. அன்னைக்கு அவளுக்குக் கலியாணமாகி எட்டு வருசம், வயசு முப்பத்திரண்டு நடப்பு. டவுன்ல ஒரு ஆசுபத்திரியில வைத்தியம் நடந்துக்கிட்டிருந்துது. மாசம் நாலு தடவை இதே பஸ்ஸுல போயிட்டு வருவா. அந்த டாக்டரு, நல்லா வருது, நம்பிக்கை இருக்கு, முப்பத்தஞ்சு தாண்டிட்டாக் கஷ்டம், நடுவுல விட்டுராதியன்னு என்கிட்டயே சொன்னாவ. ஆவுடைக்கு ஊசி போட்டுப் போட்டு இடுப்பெல்லாம் கட்டி. ஒரு நாள்கூட வலிக்குன்னு சொன்னதில்ல. அவ அப்படித்தான், சின்னதுல இருந்தே.

கொடை அன்னைக்குக் காலையில ஆண்டபெருமாள் வீட்டுக்கே போயிட்டேன். தனியாக் கூப்பிட்டு, அண்ணாச்சி, அப்படி ஒரு சாமியே கிடையாது, கொம்பையாவ வெரட்டதுக்கு நான் கட்டிவிட்ட கதைன்னு உடைச்சிச் சொல்லிட்டேன். மனுசன் பல்லு விளக்கிக்கிட்டே கேட்டாரு. வாயக் கொப்புளிச்சாரு. "வே பலவேசம், உம்ம மூஞ்சிக்கு ஒரு கதை கட்ட வருமா? அவதாம்வே உம்ம வாயில வந்து சொல்லியிருக்கா. நீரு கட்டினதா நினைச்சுக்கிட்டிருக்கீரு"ன்னாரு. சொல்லிட்டு என்னையக் கும்பிட்டாரு சார். அந்தாளு என்னையக் கும்பிட்டது அதுதான் மொத தடவை.

உச்சி நேரம். சித்திரை வெயிலு. பாறை முழுக்கச் சனம், மேளம் காதப் பொளக்குது. கொம்பையா புதுக் கடப்பாரையோட நிக்கான். ஆவுடை தலைக்குக் குளிச்சு, மஞ்சச் சேலை கட்டி, பால் குடத்தோட நிக்கா. நான் மூடி மேல ஏறி நின்னுட்டேன். காவலன்லா. எறங்கும்வேங்காவ. எறங்க மாட்டேன்னேன். சட்டம் பேசினேன், கேக்கல. விஞ்ஞானம் பேசினேன், ஹீட்டருன்னேன், சிரிச்சாவ. ரெண்டு பேரு வந்து கையப் பிடிச்சுட்டாவ. அப்பம்தான் சார் எனக்கு அந்தப் புத்தி வந்துது. எங்க குடும்பத்துல யாரும் சாமி ஆடினதில்ல, எங்கய்யா மேளம் கேட்டா தூங்கிருவாரு. நான் தலைய விரிச்சுப் போட்ட மாதிரி ஒரு ஆட்டு ஆட்டி, 'ஏ'ன்னு ஒரு சத்தம் விட்டேன் பாருங்க, கையப் பிடிச்ச ரெண்டு பேரும் அப்படியே விழுந்து கும்பிட்டுட்டானுவ.

எனக்கு இன்னும் உறக்கம் பத்தல, எவனும் கண்ணத் தொறக்கப்பிடாதுன்னேன். மேளம் நின்னுட்டு. அத்தோட விட்டிருந்தா நான் மனுசன். ஆண்டபெருமாள் கைகட்டிக்கிட்டு, எப்பம் தாயி முழிப்பங்காரு. நான் உண்மையத்தான் சொன்னேன், ஒரு லட்சம் வருசம்னு. சனம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கு. கொம்பையா இருக்கானே, அவன் மாட்டுச்சந்தையில தரகு பாத்தவன். தாயி, அம்புட்டு நாள் நாங்க இருக்க மாட்டோம்லா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கான். பத்தாயிரம்னேன். கட்டாது தாயிங்கான். ஆயிரம்னேன். பேரன் பேத்தியாவது பாக்கட்டும் தாயிங்கான். ஒரு விசயம் நீங்க தெரிஞ்சுக்கிடணும், நான் நின்னது இரும்பு மூடி மேல, வெறுங்காலு, சித்திரை வெயிலு. லட்சத்துல இருந்து நூறுக்கு வாரதுக்குள்ள என் பாதம் வெந்துட்டு. இன்னும் மூணு கொடைன்னு சொல்லி முடிச்சுட்டேன். ஊரே கொலவையிட்டுது. அவுக கணக்குல சாமி ஏமாந்துட்டு, என் கணக்குல நான் ஊர ஏமாத்திட்டேன். மூடி தப்பிச்சுது. கண்ணாடி, இரும்பு, களிமண்ணு, பாறை, எது சார் அன்னைக்கு வந்து நின்னுது?

எறங்கலாம்னு கால எடுக்கேன், ஆவுடை வந்துட்டா. குடத்தக் கீழ வச்சா. வெந்துபோன காலு ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு நெத்திய அதுல வச்சுட்டா. "தாயி, எனக்கு?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா.

நான் பெத்த பிள்ளை சார். என் காலப் பிடிச்சுக்கிட்டு என்னையத் தாயிங்கா. எட்டு வருசமா எங்ககிட்ட ஒரு சொட்டுக் கண்ணீரு காட்டாதவ, அங்கன அத்தனை சனத்துக்கு முன்னால குலுங்கிக் குலுங்கி அழுதா. தெரியாதுன்னு ஒரு சாமி சொல்ல முடியுமா? உன் கையில பிள்ளையத் தருவேன், அலையாத மக்கான்னேன்.

மனசுக்குள்ள அலையாதன்னுதான் சார் சொன்னேன். எந்த அப்பனும் அததான சொல்லுவான்?

மறுவாரம் ஊசிக்குப் போற நாளு. போகல. என்ன தாயின்னு கேட்டா, அவதான் அலையாதன்னு சொல்லிட்டாள்லாப்பா, இனி ஆசுபத்திரிக்கு ஒரு நாளும் அலைய மாட்டேன்னா. மாத்திரையெல்லாம் ஒரு பையில கட்டித் தூரப் போட்டுட்டா. முகத்துல ஒரு தெளிச்சி. நல்லாச் சாப்பிட்டா, நல்லாத் தூங்கினா. மாமியாக்காரி தாங்குதா, கொம்பையா மருமக நடந்தா கால் நோவும்னு சைக்கிள்ல வச்சுக் கொண்டுபோறான். எனக்கும் மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துது. போகட்டும், ரெண்டு மாசம் உடம்பு ஆறட்டும், பெறகு மெள்ளச் சொல்லிக்கிடலாம்னு விட்டேன்.

ரெண்டு மாசம் ரெண்டே முக்கால் வருசமாயிட்டு. ரெண்டு கொடை முடிஞ்சுது. வார சித்திரை மூணாங்கொடை. வார ஆவணியில அவளுக்கு முப்பத்தஞ்சு முடியுது.

சொல்லலேன்னு நினைக்காதிய. போன கார்த்திகையில உக்கார வச்சுச் சொல்லிட்டேன். ஆடினது சாமி இல்ல மக்கா, நான்தான், உங்கப்பன்தான், சுய நினைவோடதான் சொன்னேன்னேன். அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா. "ஆடினவியளுக்கு என்ன சொன்னோம்னு நினைவு இருக்காதாம்ப்பா. மனசுல போட்டுக் கொழப்பிக்காதிய"ன்னா. என்னைய ஆறுதல் படுத்துதா சார். மோரு கொண்டாந்து குடுத்தா.

என் வீட்டுக்காரி என்கூடப் பேசி ஒரு மாசமாகுது. அவளுக்கு மட்டும் எல்லாந் தெரியும். மூடியக் காப்பாத்தின மனுசனுக்கு மகளக் காப்பாத்தத் தெரியலேங்கா. பொம்பளைக அப்படித்தான் பேசுவாவ, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பி. நான் என் வேலையப் பாத்தேன், அதுல ஒரு குறை சொல்ல முடியுமா? அந்த மூடி மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் கிடையாது. நீங்களே போய்த் தடவிப் பாருங்க.

என்ன கேக்கிய? சுவரு கட்டினா என்னன்னா? தாராளமாக் கட்டுங்க. மறுநாளே காவிப்பட்டையும் வெள்ளைப்பட்டையும் அடிச்சிருவானுவ, உங்க செலவுல கோயிலுக்கு மதிலு. அதெல்லாம் பெறகு பேசுவோம். என் காரியத்தக் கேளுங்க. வேலைய நிரந்தரமாக்குங்கன்னு கேக்க வந்தேன்னுதான நினைச்சிய? அது இருக்கட்டும். ஆனா அது இல்ல.

நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நான் அப்பன், நான் சொன்னா நினைவில்லாமப் பேசுதேங்கா. டாக்டரம்மா மாத்தலாகிப் போயிட்டாவ. நீங்க வெளியூரு, ஆபீசரு, கண்ணாடி போட்டிருக்கிய. பைலத் தொறந்து காட்டி, இந்தா பாரு தாயி, அடியில ஹீட்டருதான் இருக்கு, வேற யாரும் இல்ல, நீ நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போன்னு சொன்னியன்னா கேப்பா. படம் இருக்குல்லா, உருளை எறக்கினப்ப எடுத்த படம்? அதக் காட்டுங்க. இன்னும் ஏழு மாசம் இருக்கு. அந்த டாக்டரு இன்னும் அங்கதான் இருக்காவ, நான் இப்பம் அங்க போய்க் கேட்டுட்டுத்தான் வாரேன். உடனே கூட்டிட்டு வாங்க, ஒரு நாளும் தள்ளாதியன்னாவ. அதுக்குத்தான் நான் டவுனுக்கே போனது. அவகிட்டத் தொட்டில் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஆமா, இந்தப் பொட்டலம்தான். மரத்தொட்டிலு. இம்புட்டுக்காணும்தான் இருக்கும், சாமிக்குக் கட்டதுக்கு. மூணாங்கொடைக்குக் கட்டணும், வாங்கிட்டு வாங்கப்பான்னா. வெறுங்கையோட போனா எங்க போனியன்னு கேப்பாள்லா, அதான் வாங்கிட்டேன். உங்களப் பஸ்ஸுல பாத்ததும் சாமியே அனுப்பி வச்ச மாதிரி இருந்துது. பாத்தியளா, பழக்கதோசம், வாயில அதான் வருது.

சொல்லுவியள்லா? சொல்லுதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சரி. தலையாட்டினா போதும்.

இந்தா வந்துட்டு, இந்த வளைவு திரும்புனா நம்ம ஸ்டாப்பு. பைல எடுத்துக்கிடுங்க. அந்தா நிக்கா பாருங்க, வேப்பமரத்தடியில, பச்சைச் சேலை, அதுதான் ஆவுடை. நான் எந்த பஸ்ஸுல வாரேன்னு தெரியாது, எம்புட்டு நேரமா நிக்காளோ. என் கையப் பாத்துட்டா சார். பொட்டலத்தப் பாத்துட்டா. சிரிக்கா பாருங்க. அவ கலியாணத்துக்குக்கூட இப்படிச் சிரிக்கல.

சார். ஒரு நிமிசம், எறங்கதுக்கு முன்னால. இன்னைக்குச் சொல்லாண்டாம். வெயில்ல நின்னிருக்கா. நீங்களும் இங்கன நாலு நாள் தங்குவியள்லா, நாளைக்குப் பாத்துக்கிடலாம். இல்லேன்னா மறுநாளு. கொடைக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கே.

ஏ மக்கா, இந்தா பிடி, பாத்துப் பிடி, மரம். இவிய மெட்ராஸ்ல இருந்து வாராவ. பெரிய ஆபீசர். நம்ம அம்மனப் பாக்கதுக்குன்னே வந்திருக்காவ.